ஊட்டி சீசனில் பட்ஜெட் லாட்ஜ்: ஈரச் சுவரும் வெந்நீரும்

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியில் ஒரு ராத்திரிக்கு 1,500 முதல் 2,500 ரூபாய் வரை வாடகை சொல்லும் சாதாரண லாட்ஜ்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். இரண்டு பேர் படுக்கும் கட்டில், ஒட்டிய பாத்ரூம், ஒரு டிவி, இரண்டு கம்பளி. மழைக்காலத்தில் வார நாளில் போனால் இதே அறை 800க்கும் 1,000க்கும் கிடைக்கும். மலர்க் கண்காட்சி வாரத்தில் 3,000 வரைகூடக் கேட்பார்கள். விலை ஏறுவதைக் குறை சொல்ல மாட்டோம். வருஷம் முழுக்க அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டு மாத வருமானம்தான். ஆனால் மூன்று மடங்கு கொடுத்துத் தங்குகிறவருக்கு ராத்திரி நல்ல தூக்கமும் காலையில் ஆளுக்கு ஒரு பக்கெட் வெந்நீரும் கிடைத்தாக வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

அறையைக் காட்ட ரூம்பாய் கதவைத் திறந்ததும் எல்லோரும் நேராகப் போய் ஜன்னல் திரையை விலக்குகிறார்கள். அப்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் கட்டிய லாட்ஜ்களில் ரிசப்ஷன் ரோட்டு மட்டத்தில் இருக்கும். அறைகள் சில மேலே போகும், சில கீழே இறங்கும். கீழே இறங்கும் அறைகளுக்கு முன்பக்கம் ஜன்னலும் பள்ளத்தாக்குக் காட்சியும் உண்டு. பின்பக்கச் சுவரோ மண்ணை அணைத்து நிற்கும். மேலே பெய்யும் மழையெல்லாம் அந்த மண்ணில் ஊறிச் சுவர் வழியாகவே வெளியே வரப் பார்க்கும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டு, தண்ணீர் வடியக் குழாய் வைத்துக் கட்டியிருந்தால் பரவாயில்லை. பழைய கட்டடங்கள் பலவற்றில் அது கிடையாது. மே மாதத்தில் மத்தியான மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தாலே போதும், இந்த அறைகளில் ஈரவாடை ஏறிவிடும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் பொரிந்து, சில இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் மிளகைத் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அது பூஞ்சணம். சீசனுக்கு முன்னால் புதிதாகப் பெயிண்ட் அடித்து இதையெல்லாம் மறைத்திருந்தாலும் அலமாரியை மறைக்க முடியாது. அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். காற்று புழங்காத இடம் என்பதால் அறையில் ரூம் ஸ்ப்ரே எவ்வளவு அடித்திருந்தாலும் உண்மையான வாசனை அங்கே அப்படியே நிற்கும். வீசிங் தொந்தரவு உள்ள குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்திருந்தால் அந்த அறை வேண்டவே வேண்டாம். நடு ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் ஆரம்பித்தால் மாற்று அறை இருக்காது.

ரோட்டு மட்டத்துக்கு மேல் முதல் அல்லது இரண்டாம் மாடியில், கிழக்குப் பார்த்த ஜன்னலோடு ஒரு அறை கேளுங்கள். காலை வெயில் இரண்டு மணி நேரம் மெத்தைமேல் விழுகிற அறைக்கும் விழாத அறைக்கும் ராத்திரியில் உள்ள வித்தியாசம் கம்பளிக்குள் கால் நுழைத்ததுமே தெரியும். மேல்மாடியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். கூரை தகர ஷீட்டாக இருந்து கீழே தெர்மாகோல் சீலிங் மட்டும் ஒட்டியிருந்தால் ராத்திரிக் குளிர் நேராக இறங்கும். மழைச் சத்தத்தில் தூங்கவும் முடியாது. சீலிங்கில் பழுப்பு வளையங்கள் தெரிந்தால் ஒழுகிய இடம் என்று அர்த்தம். கட்டில் அதற்கு நேர் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெந்நீர். சீசனில் இந்த லாட்ஜ்களில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான்.

"24 மணி நேரமும் ஹாட் வாட்டர்" என்று போர்டில் எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தண்ணீர் எதில் சுடுகிறது என்று கேட்க வேண்டும். நான்கு வகை இருக்கின்றன, நான்குக்கும் வெவ்வேறு பலவீனம்.

அறைக்கு அறை 15 லிட்டர் கீசர் வைத்திருந்தால் அதுதான் நல்லது. ஆனால் அதன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2,000 வாட்ஸ் கீசர் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 24 நிமிடம் எடுக்கும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில் சுமார் 27 லிட்டர் வரும், அதாவது ஒன்றரை பக்கெட். நாலு பேர் ஆளுக்கொரு பக்கெட் குளிக்க வேண்டும் என்றால் கீசர் மூன்று முறை சுட வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். இது கரன்ட் ஒழுங்காக இருந்தால். மொத்த லாட்ஜும் ஒரே நேரத்தில் கீசர் போடும் காலை ஏழு மணிக்கு வோல்டேஜ் 180க்கு இறங்கினால் கீசரின் சக்தி கிட்டத்தட்ட 60 சதவீதமாகக் குறைந்துவிடும். 24 நிமிடம் 40 நிமிடமாகும். எட்டு மணி டாக்ஸிக்கு ஏழு மணிக்கு கீசர் போடுகிற குடும்பத்தில் கடைசி ஆள் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பார். ஐந்தரைக்கு எழுந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வது உத்தமம். இன்னொன்று: வெந்நீரை எடுக்க எடுக்க அடியில் பச்சைத் தண்ணீர் புகும். முதல் முக்கால் பங்குதான் நல்ல சூடு. ஒருவர் குளித்ததும் குழாயை மூடிவிட்டு அடுத்தவர் இருபது நிமிடம் காத்திருந்தால் எல்லோருக்கும் கிடைக்கும். வரிசையாக உள்ளே போனால் யாருக்கும் ஒழுங்காகக் கிடைக்காது.

இரண்டாவது வகை, 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். சமவெளியில் இது போதும், ஊட்டியில் திணறும். 3,000 வாட்ஸில் நிமிடத்துக்கு ஒன்றேமுக்கால் லிட்டர் அளவுக்குத்தான் இந்தக் குளிர்ந்த தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர முடியும். ஒரு பக்கெட் நிறையப் பத்து நிமிடம். அவசரத்தில் குழாயை முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும், "கீசர் வேலை செய்யவில்லை" என்று ரிசப்ஷனுக்குப் போன் போகும். கீசர் சரியாகத்தான் வேலை செய்கிறது; குழாயைப் பென்சில் தடிமனுக்கு மட்டும் திறந்து, பக்கெட் நிறையும்வரை விட்டுவிட வேண்டும். ஷவரில் நிற்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

மூன்றாவது, மொட்டை மாடியில் சோலார். வெயில் அடித்த நாளில் அருமையாக வேலை செய்யும். மதியமே மேகம் மூடி மழை பெய்த நாளுக்கு மறுநாள் காலையில் டேங்கில் இருப்பது வெறும் தண்ணீர்தான். அதற்கு மாற்றாக உள்ளே எலக்ட்ரிக் காயில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மாடியிலிருந்து உங்கள் பாத்ரூம் வரை குழாய் எவ்வளவு தூரம் வருகிறது என்பதும் கணக்கு. ஒரு அங்குலக் குழாய் 20 மீட்டர் ஓடி வந்தால் அதற்குள் ராத்திரி முழுக்க ஆறிப்போன தண்ணீர் 10 லிட்டர் நிற்கும். அரை பக்கெட்டுக்கு மேல் வெளியேறிய பிறகுதான் சூடு கைக்கு வரும். பலர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெந்நீர் இல்லை என்று குழாயை மூடிவிடுகிறார்கள். வந்த பச்சைத் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொண்டு பொறுமையாகத் திறந்துவிடுங்கள். கலக்க அது எப்படியும் வேண்டும்.

நான்காவது, பழைய லாட்ஜ்களில் இன்னும் இருக்கும் விறகு பாய்லர். காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும் வெந்நீர், பையன் பக்கெட்டில் கொண்டுவந்து வாசலில் வைப்பான். பக்கெட்டுக்குத் தனிக் காசு. வசதிக் குறைவாகத் தெரியும், ஆனால் கொதிக்கக் கொதிக்க வரும், கரன்ட் போனாலும் வரும், எத்தனை பேர் இருந்தாலும் வரும். நாலைந்து பேராகத் தங்கும் குடும்பத்துக்கு இன்ஸ்டன்ட் கீசர் அறையைவிட இதையே சிபாரிசு செய்வோம்.

கேஸ் கீசர் மாட்டிய பாத்ரூமாக இருந்தால் புகை வெளியேறும் குழாயும் எப்போதும் திறந்திருக்கும் ஜன்னலும் இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அறையையே மாற்றிக் கேளுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதே மாதிரி, குளிர் என்று கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். புகை அடங்கி கங்கு மட்டும் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். வாசனையும் இல்லை, இருமலும் வராது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

கம்பளிக்கு வருவோம். சீசனில் காலை பதினொன்றுக்குக் காலியான அறையை பன்னிரண்டுக்கு அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பெட்ஷீட்டும் தலையணை உறையும் மாறும். கம்பளி மாறாது. ஊட்டி ஈரத்தில் ஒரு கனமான கம்பளியைத் துவைத்துக் காயவைக்க நல்ல வெயிலே இரண்டு நாள் வேண்டும், அதனால் சீசன் முடியும்வரை பல இடங்களில் அது துவைக்கப்படுவதே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வீட்டிலிருந்து ஆளுக்கொரு மெல்லிய பருத்திப் போர்வை கொண்டுபோய், அதை உடம்பில் போர்த்தி மேலே லாட்ஜ் கம்பளியைப் போட்டுக்கொள்ளுங்கள். சுத்தத்துக்குச் சுத்தம், இரண்டுக்கும் நடுவே காற்று நிற்பதால் கதகதப்பும் கூடும்.

மெத்தையைச் சோதிக்க, விரிப்பை விலக்கி நடுவில் உள்ளங்கையை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குளிர்ந்த மெத்தை கைச்சூட்டில் மெல்லச் சூடாகும். ஈரமான மெத்தை சூடாகாமல் கையில் பிசுபிசுக்கும். பிறகு செல்போன் டார்ச்சை அடித்து மெத்தையின் ஓரத் தையலையும் கட்டில் பலகை இணைப்பையும் பாருங்கள். மைப்புள்ளி வைத்த மாதிரி கறுப்பாகத் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது. பையைத் தரையில் வைப்பதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்களோடு வீட்டுக்கு வரும்.

ரூம் ஹீட்டர் கேட்டால் தனி வாடகைக்குத் தருவார்கள். மே மாதத்தில் ராத்திரி 10, 12 டிகிரிக்கு இறங்கும். உலர்ந்த அறையில் இரண்டு கம்பளிக்கு மேல் தேவைப்படாது. ஈர அறையில் ஹீட்டர் போட்டால் எரிகிறவரை சூடு, அணைத்த கால் மணியில் பழையபடி. அந்தக் காசை அறை மாற்றக் கொடுக்கலாம். ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கிக் கால்மாட்டில் போட்டுக்கொள்வது முதியவர்களுக்கு ஹீட்டரைவிட நன்றாக உதவும். டிசம்பர், ஜனவரி விடுமுறை என்றால் கதை வேறு. உறைபனி காலம் அது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். ரேஸ் கோர்ஸ் மைதானம், தலைக்குந்தா புல்வெளி போன்ற தாழ்ந்த இடங்களில் விடியற்காலையில் வெள்ளை வெளேரென்று பனி படிந்திருப்பது அதனால்தான். அந்தப் பள்ளங்களை ஒட்டிய லாட்ஜ்களைவிடச் சரிவில் கொஞ்சம் மேலே இருக்கும் லாட்ஜ்கள் ராத்திரியில் குளிர் குறைவாக இருக்கும்.

சொந்தமாக வாட்டர் ஹீட்டர் ராடோ கெட்டிலோ கொண்டுபோய்ப் போடாதீர்கள். பழைய வயரிங், ஒரே ஃபியூசில் நாலு அறை ஓடும். ஊட்டி உயரம் 2,240 மீட்டர், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். லாட்ஜில் கேட்டு வாங்கும் கொதிநீரே பால்பவுடர் கரைக்கவும் டீக்கும் போதும். கப் நூடுல்ஸ் மட்டும் பாக்கெட்டில் போட்டிருப்பதைவிடக் கூடுதலாக இரண்டு நிமிடம் மூடி வைக்க வேண்டும்.

எந்த ஏரியாவில் எடுப்பது? சீசனில் ஊட்டி டவுனுக்குள் கார் நகர்வதைவிட ஆள் வேகமாக நடந்துவிடலாம். அதனால் நடக்கிற தூரம்தான் முக்கியம். பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து மார்க்கெட், கமர்ஷியல் ரோடு வழியாக சேரிங்கிராஸ், அங்கிருந்து கார்டன் ரோட்டில் தாவரவியல் பூங்கா. முதல்முறை வருகிறவர் பார்க்க நினைப்பதில் பாதி இந்தக் கோட்டிலேயே வந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் லாட்ஜ்கள்தான் விலை குறைவு. ராத்திரி லேட்டாக வந்து காலையில் கிளம்புகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. விடியற்காலை முதல் பஸ்ஸின் ஹாரனும் காய்கறி லாரி இறக்குகிற சத்தமும் நிச்சயம். ரோட்டுப் பக்கம் இல்லாமல் பின்பக்க அறையாகக் கேளுங்கள். இங்கேதான் புரோக்கர்கள் பையைப் பிடித்து இழுப்பார்கள். அவர் கூட வந்தால் அவர் கமிஷன் உங்கள் வாடகையில் ஏறும். ஆட்டோக்காரர் கூட்டிக்கொண்டு போனாலும் அப்படித்தான். குடும்பத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே உட்காரவைத்துவிட்டு ஒருவர் மட்டும் கையை வீசிக்கொண்டு போய் நாலு இடம் விசாரித்து வந்தால் அறைக்கு 300, 400 குறையும்.

கமர்ஷியல் ரோடும் எட்டின்ஸ் ரோடும் எங்கள் முதல் தேர்வு. பஸ் ஸ்டாண்டைவிடக் கொஞ்சம் விலை கூட, ஆனால் சாப்பாடு, மருந்துக் கடை, பூங்கா எல்லாம் நடையில் வரும், சரிவில் இருப்பதால் மேல்மாடி அறைகளில் வெயிலும் வரும். எட்டின்ஸ் ரோட்டில் இருக்கும் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் ஆனந்தகிரியும், சேரிங்கிராஸ் பக்கம் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஓட்டல் தமிழ்நாடும் இந்த விலை வட்டாரத்தை ஒட்டி வருபவை. கார் நிறுத்த இடமும் வெளிச்சமும் சந்து லாட்ஜ்களைவிட அதிகம். சீசனில் முதலில் நிரம்புவதும் இவைதான் என்பதால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் மார்ச்சிலேயே புக் செய்துவிடுங்கள்.

"லேக் வியூ" என்று விளம்பரம் செய்யும் மலிவு அறைகளுக்குக் கூடுதலாக 500, 1,000 கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. பல இடங்களில் ஏரி தெரிவது மொட்டை மாடியிலிருந்து மட்டும். மற்றபடி படகு இல்லத்து ரோட்டின் நெரிசல்தான் வாசலில் நிற்கும்.

எந்த ஏரியாவானாலும் போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரோட்டிலிருந்து ரூம் வரைக்கும் எத்தனை படிண்ணா?" மேப்பில் 300 மீட்டர் என்று காட்டுவது செங்குத்தான எண்பது படியாக இருக்கும். முழங்கால் வலி உள்ள அம்மாவையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வாடகையைவிட இது பெரிய விஷயம். ஊட்டி காற்றில் முதல் நாள் மூச்சும் கொஞ்சம் வாங்கும்.

அடுத்த கேள்வி, "24 ஹவர்ஸா, நூன் செக்-அவுட்டா?" சீசனில் 24 மணிக் கணக்கு வைத்திருந்த லாட்ஜும் பகல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்ற கணக்குக்கு மாறிவிடும். மேட்டுப்பாளையத்தில் விடியற்காலை இறங்கி பஸ் பிடித்து எட்டு மணிக்கே ஊட்டி வந்துவிட்டால் அறை பன்னிரண்டுக்குத்தான். முன்னாலேயே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை கேட்பார்கள். பையை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளவும் பொதுப் பாத்ரூமில் முகம் கழுவிக்கொள்ளவும் சம்மதமா என்று முந்தின நாளே கேட்டுவிட்டால் அந்த அரை நாள் காசு மிச்சம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில்தான் ஊட்டிக்கு வரும்.

ஆன்லைனில் புக் செய்தவர்களுக்குச் சீசனில் வரும் பெரிய ஆபத்து, வந்து நிற்கும்போது "உங்க புக்கிங் வரலையே சார்" என்பது. ஆப்பில் 1,400க்குக் கொடுத்த அறைக்கு வாசலில் நிற்கிறவர் 3,000 தர்றேன் என்றால் யாருக்குச் சாவி போகும் என்று சொல்லத் தேவையில்லை. புக் செய்த அன்றே லாட்ஜுக்கு நேரடியாகப் போன் செய்து, தேதி, பேர் எண்ணிக்கை, வரியோடு சேர்த்து மொத்தத் தொகை, எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிளம்பும் முந்தின ராத்திரி மறுபடி ஒரு போன். அதற்கு மேலும் மறுத்தால் அந்த மெசேஜைக் காட்டி ஆப்பின் உதவி எண்ணில் மாற்று அறை கேட்க முடியும். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பச் சொல்லி, போட்டோ மட்டும் காட்டும் காட்டேஜ்களிடம் எச்சரிக்கை தேவை. வேறு இடத்துப் படத்தைப் போட்டு ஏமாற்றுகிறவர்கள் சீசனுக்குச் சீசன் முளைக்கிறார்கள். வீடியோ காலில் வாசல் போர்டிலிருந்து பாத்ரூம் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். நிஜ லாட்ஜ்காரருக்கு இரண்டு நிமிட வேலை. ஏமாற்றுகிறவர் ஏதாவது சாக்குச் சொல்லி மழுப்புவார்.

சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தச் சீசனுக்கு நீலகிரியில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுக்கும்போது தங்கும் இடத்தையும் கேட்கும்; அதனால் அறை முதலில், பாஸ் அடுத்து, ஆனால் இரண்டுக்கும் நடுவே நாளைக் கடத்தாதீர்கள். அறைக்குப் பணம் கட்டிய பிறகு அந்தத் தேதிக்குப் பாஸ் தீர்ந்திருந்தால் பல லாட்ஜ்கள் பணம் திருப்புவதில்லை. அரசுப் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் பாஸ் வேண்டாம்.

"பார்க்கிங் இருக்கு" என்றால் எத்தனை வண்டிக்கு என்று கேளுங்கள். இருபது அறைக்கு நாலு வண்டி இடம் என்பது சாதாரணம். ஏறுகிற சாய்தளம் நனைந்திருந்தால் சில இடங்களில் முழு லோடோடு கார் ஏறாது. ஆட்களை இறக்கிவிட்டு ஏற்றுங்கள். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக மாற்றுவது வழக்கம். திரும்பும் அன்று அந்தக் கூடுதல் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. செக்போஸ்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஸ்டீல் பாட்டில் கொண்டுபோய் லாட்ஜ் ரிசப்ஷன் கேனிலோ ரோட்டோரத் தண்ணீர் ஏடிஎம்மிலோ பிடித்துக்கொள்ளலாம். குளித்த டர்க்கி டவல் ஊட்டியில் மறுநாளும் காயாது, மெல்லிய தோர்த்துத் துண்டு போதும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். குரங்கு வந்தால் வர்க்கி பிஸ்கட் பாக்கெட்டோடு மூக்குக்கண்ணாடியும் போகும்.

மலர்க் கண்காட்சி வாரத்தில் ஊட்டியில் 3,000 கேட்டால் குன்னூரில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். ஊட்டியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு, ராத்திரிக் குளிர் இரண்டு டிகிரியாவது குறையும், அதே காசுக்கு இன்னும் உலர்ந்த அறை கிடைக்கும். காலையில் குன்னூர் ஸ்டேஷனில் டீசல் இன்ஜின் ரயில் ஏறினால் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி. டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. டவுனுக்கு வெளியே தேயிலைத் தோட்டத்து நடுவில் மலிவாகக் கிடைக்கும் காட்டேஜ் எடுத்தால் மட்டும், இருட்டின பிறகு சாப்பாடு வாங்க நடந்து போகாதீர்கள். காட்டெருமையும் கரடியும் அந்த ரோடுகளில் சர்வ சாதாரணமாக நிற்கும்.

காலி செய்யும்போது பில் கேளுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதக் கணக்கில் போட்டிருந்தால் சொல்லித் திருத்தி வாங்குங்கள், 2,000 ரூபாய் அறைக்கு 140 ரூபாய் வித்தியாசம். சாவிக்கென்று கட்டிய அட்வான்ஸை ரூம்பாய் அறையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் தருவார்கள், பஸ்ஸுக்கு அரை மணி முன்னாலேயே சாவியைக் கொடுத்துவிடுங்கள்.